மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளம்

பரீட்சை முடிவுகள் வெளியானதும் நம் பெண்ணாடத்தில் பல வீடுகளில் ஒரே பேச்சுத்தான். பையன் மேலே படிப்பதா, வேலைக்குப் போவதா? வேலை என்றால் எங்கே? விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் ஒருவன் சேருகிறான். நெய்வேலியில் தொழில் பழக மனுப் போட்டுவிட்டு ஒருவன் தபாலுக்குக் காத்திருக்கிறான். இன்னொருவன் சென்னைக்கு இரயில் ஏறுகிறான். கிடைத்த வேலை சிறியதாயிருந்தால், அதை அக்கம்பக்கத்தில் சொல்லவும் கூசுகிற தாய் தகப்பன்மார் உண்டு. கடைச் சிப்பந்தியாகப் போன பையன் ஏதோ கம்பெனியில் இருப்பதாகச் சொல்லிக்கொள்வதும் உண்டு. அப்படிக் கூசுகிறவர்கள், மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்தில் தம் முதல் வேலையைத் தொடங்கிய ஒருவருடைய சரித்திரத்தைக் கேட்பது நல்லது.

அவர் பெயர் முத்துசாமி ஐயர். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக அமர்ந்த முதல் இந்தியர். தெருவிளக்கின் வெளிச்சத்தில் படித்தவர் என்று பள்ளிக்கூடத்தில் அவரைப் பற்றி நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அந்தத் தெருவிளக்கு எப்படியோ நம் நினைவில் நின்றுவிட்டது. அந்த ஒரு ரூபாய் வேலை மறந்துபோயிற்று. ஆனால் அவருடைய வாழ்க்கையைத் திருப்பிவிட்டது விளக்கல்ல, வேலைதான் என்பது என் எண்ணம்.

தஞ்சாவூர் ஜில்லாவில் உச்சுவாடி என்னும் சிற்றூரில் 1832-ம் ஆண்டு ஜனவரி மாதம் 28-ந் தேதி அவர் பிறந்தார். ஏழைக் குடும்பம். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தார். தாயார் பிள்ளையை அழைத்துக்கொண்டு திருவாரூருக்கு வந்து சேர்ந்தார். பிழைப்புக்கு வேறு வழியில்லாமல், பன்னிரண்டு வயதை ஒட்டிய பருவத்திலேயே அந்தப் பிள்ளை சம்பாதிக்கப் போக வேண்டியதாயிற்று. இன்றைக்குப் பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளையை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். அன்று அதைக் கேட்பாரில்லை. ஏழை வீட்டுப் பிள்ளை ஏதாவது செய்து நாலு காசு கொண்டுவந்தால்தான் அடுப்பு எரியும் என்ற காலம் அது.

கிடைத்த வேலை, கிராமக் கணக்கருக்கு உதவியாள். கணக்கப்பிள்ளை அல்லது கர்ணம் என்றால் இக்காலத்துப் பிள்ளைகளுக்கு விளங்காது. பரம்பரையாக வந்த அந்தப் பதவியை 1980-ல் அரசாங்கம் எடுத்துவிட்டது; இப்போது அந்த வேலையைப் பார்ப்பவர் கிராம நிர்வாக அலுவலர். எந்த நிலம் யாருடையது, எவ்வளவு நஞ்சை, எவ்வளவு புஞ்சை, இந்தப் போகம் என்ன பயிர், எவ்வளவு தீர்வை, எவ்வளவு கட்டியாயிற்று, எவ்வளவு பாக்கி என்று ஊரின் கணக்கு முழுவதும் கர்ணத்தின் கையில் இருக்கும். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிரதி எழுதுவதும், கூட்டிப் பார்ப்பதும், கூப்பிட்ட குரலுக்கு ஓடுவதும் உதவியாளின் வேலை. அதற்குத்தான் மாதம் ஒரு ரூபாய்.

பையன் கையில் அந்த ரூபாய் வரத் தொடங்கிய சில நாளிலேயே தாயாரும் இறந்துபோனார். யாருக்காக அந்த வேலையைத் தேடிப் போனாரோ அவரே இல்லை. இந்த இடத்தில் எத்தனையோ பிள்ளைகள் மனம் உடைந்து திசைமாறிப் போயிருப்பார்கள். முத்துசாமி வேலையை விடவில்லை. ஓய்வு கிடைத்தபோது ஊரிலிருந்த பள்ளிக்கூடத்தின் பக்கம் போய், காதில் விழுந்ததைக் கற்றுக்கொண்டார். கணக்குப் பிரதி எழுதுகிறபோதும், எழுதிவிட்டுத் தள்ளி வைத்துவிடாமல், எழுதியதை மனத்தில் வாங்கிக்கொண்டார். ஒரு ரூபாய்க்கு இவ்வளவு போதும் என்று அளந்து வேலை செய்கிற பழக்கம் அவரிடத்தில் இல்லை.

அந்த வட்டாரத்துத் தாசில்தார் முத்துசாமி நாயக்கர் என்பவர். பையனுக்கும் அவருக்கும் பெயர் ஒன்றாக அமைந்தது ஒரு விந்தை. ஒரு நாள் ஆற்றின் கரை உடைத்துக்கொண்டதாகத் தாசில்தாருக்குச் செய்தி வந்தது. வெள்ளாற்றங்கரையில் குடியிருக்கும் நமக்கு அது என்ன செய்தி என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரு ராத்திரி தாமதித்தால் நாலு ஊர் வயல் மணல்மேடாகிவிடும். உடனே ஆள் போய்ப் பார்த்து வர வேண்டும். அந்த நேரத்தில் கச்சேரியில் அனுப்பத்தக்க குமாஸ்தா யாரும் இல்லை. இருந்தவன் இந்தப் பையன்தான். அவனை அனுப்பினார்.

கரை உடைந்திருக்கிறது என்று மட்டும் பார்த்து வந்து சொல்லியிருந்தாலும் அவன் இட்ட வேலையைச் செய்தவன்தான். அவனோ உடைப்பின் அளவு, அதை அடைக்கத் தேவைப்படும் ஆளும் பொருளும் என்று எல்லாவற்றையும் விசாரித்துக்கொண்டு வந்து நின்றான். தாசில்தாருக்கு முழு நம்பிக்கை வரவில்லை. சிறு பையன் சொல்வதை வைத்துக்கொண்டு சர்க்கார் காரியம் செய்ய முடியுமா? பெரிய குமாஸ்தாவை மறுபடி அனுப்பிப் பார்க்கச் சொன்னார். அவர் வந்து சொன்னதும் பையன் சொன்னதும் ஒத்துப்போயின. முத்துசாமி ஐயரின் சரித்திரத்தை எழுதியவர்கள் இந்த நிகழ்ச்சியைத் தவறாமல் சொல்லுகிறார்கள். அதன் பிறகு தாசில்தாரின் கண் பையன்மேல் விழுந்தது.

இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டியது பையனைப் பற்றியல்ல, தாசில்தாரைப் பற்றி. கெட்டிக்காரப் பையன் ஒருவன் மலிவாகக் கிடைத்துவிட்டால் நாம் என்ன செய்வோம்? இன்னும் இரண்டு ரூபாய் கூட்டிக் கொடுத்துப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வோம். கணக்கெல்லாம் மனப்பாடமாய் வைத்திருக்கிற ஆளை எந்த அதிகாரி விட்டுக்கொடுப்பார்? பையனும் ஒரு வகையில் பிழைத்திருப்பான். காலக்கிரமத்தில் குமாஸ்தாவாகி, இன்னும் மேலேறி, திருவாரூர்க் கச்சேரியிலேயே தலை நரைத்திருப்பான். நாயக்கர் அப்படிச் செய்யவில்லை. தமக்கு உபயோகமான ஆளைத் தாமே இழந்து, படிப்பதற்காகச் சென்னைப் பட்டணத்துக்கு அனுப்பி வைத்தார். தம் குடும்பத்துப் பிள்ளை ஒருவனுக்குத் துணையாக இவரும் அங்கே படித்தார். சர் ஹென்றி மாண்ட்கோமரி என்ற ஆங்கிலப் பிரமுகரின் ஆதரவும் கிடைத்தது.

அந்தப் பயணமும் இலேசானதல்ல. தென்னாட்டில் முதல் இரயில் ராயபுரத்திலிருந்து ஓடியதே 1856-ம் ஆண்டு ஜூலை மாதத்தில்தான். முத்துசாமி புறப்பட்டது அதற்குப் பல ஆண்டுகள் முன்னே. சென்னையில் பவல் துரை நடத்திய உயர்நிலைப் பள்ளியில் அவர் படித்தார். அந்தப் பள்ளிதான் பின்னால் மாநிலக் கல்லூரி ஆயிற்று. ஆண்டுதோறும் பரிசும் உபகாரச் சம்பளமும் பெற்றார். 1854-ல் மாணவர்களுக்கென்று வைத்த ஆங்கிலக் கட்டுரைப் போட்டியில் அவருக்கு ஐந்நூறு ரூபாய்ப் பரிசு கிடைத்தது. வீட்டில் பிள்ளைகள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: மாதம் ஒரு ரூபாய் வீதம் ஐந்நூறு ரூபாய் சம்பாதிக்க நாற்பத்தொரு ஆண்டும் எட்டு மாதமும் ஆகும். அவருக்கு அப்போது வயது இருபத்திரண்டு.

சீமைக்குப் போய் சிவில் சர்வீஸ் பரீட்சை எழுதினால் உதவுவதாகப் பெரியவர்கள் முன்வந்தார்கள். அவர் திருமணமானவர், கடல் கடந்து போவது அவருடைய குலத்தார்க்கு அந்நாளில் ஆகாத காரியம். மறுத்துவிட்டார். மறுத்ததால் நேர்ந்தது என்னவென்றால், ஆரம்பத்திலிருந்து மறுபடியும் படி ஏற வேண்டி வந்தது. பள்ளி ஆசிரியர் வேலை பார்த்தார். தஞ்சாவூரில் தஸ்தாவேஜுகளைக் காக்கும் குமாஸ்தாவானார். 1856-ல் பள்ளிகளைப் பார்வையிடும் உதவி இன்ஸ்பெக்டர். ஐந்நூறு ரூபாய்ப் பரிசு வாங்கியவருக்குப் பழைய காகிதக் கட்டுகளைக் காக்கிற வேலை! ஆனால் கணக்குக் கட்டுகளின் நடுவில்தான் அவர் வளர்ந்தார் என்பதை மறக்கக் கூடாது. நிலத்துக் கணக்கும் ஊர் வழக்கமும் அவருக்குப் புத்தகத்தில் படித்தவை அல்ல.

அந்தச் சமயத்தில் வக்கீல் வேலைக்கென்று அரசாங்கம் ஒரு பரீட்சை ஏற்படுத்தியது. முதன்முதல் நடந்த அந்தப் பரீட்சையில் அவர் முன்னணியில் தேறினார். பிறகு தரங்கம்பாடியில் முன்சீப். நம் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு நன்கு அறிமுகமான மாயூரம் வேதநாயகம் பிள்ளையும் முன்சீப்பாக இருந்த ஊர்தான் அது. 1859-ல் தஞ்சையில் டிப்டி கலெக்டர். 1865-ல் தென் கன்னடத்தில் சப் ஜட்ஜு. 1868-ல் சென்னையில் போலீஸ் மாஜிஸ்திரேட்டு. இவற்றையெல்லாம் விரிக்கப் புகுந்தால் பத்திரிகை கொள்ளாது. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். மாஜிஸ்திரேட்டாக இருந்துகொண்டே, முப்பத்தாறு வயதைத் தாண்டிய பிறகு, சர்வகலாசாலையில் பி.எல். பரீட்சை எழுதித் தேறினார். பகலில் வழக்கு விசாரிக்கிறவர் இரவில் மாணவனாக உட்கார்ந்தார்.

அந்த நாளில் நடந்ததாக ஒரு செய்தியும் எழுதி வைத்திருக்கிறார்கள். உயர் நீதிமன்றத்து ஐரோப்பிய நீதிபதி ஒருவர் தம்மை அடித்துவிட்டதாக ஓர் எளிய இந்தியர் முறையிட்டார். அவ்வளவு பெரிய மனிதரை நேரில் வரச் சொல்லலாமா என்று மற்றவர்கள் தயங்கினார்கள். முத்துசாமி ஐயர் சம்மன் அனுப்பி வரவழைத்து, விசாரித்து, அபராதமும் விதித்தார். தம் உத்தியோக உயர்வு அந்தத் துரைமார் கையில்தான் இருந்தது என்பது அவருக்குத் தெரியாததல்ல.

பின்னர் சிறு வழக்கு நீதிமன்றத்தில் நீதிபதியானார். 1878-ல் உயர் நீதிமன்ற நீதிபதிப் பதவி வந்தது. அதுவரை அந்த ஆசனத்தில் இந்தியர் எவரும் அமர்ந்ததில்லை. சென்னையில் ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் அந்த நியமனத்தைக் குறை கூறி எழுதின. அதற்குப் பதில் சொல்ல நம்மவர் கையில் ஒரு பத்திரிகை இல்லையே என்று ஆறு இளைஞர்களுக்கு மனம் பொறுக்கவில்லை. ஜி. சுப்பிரமணிய ஐயரும் வீரராகவாச்சாரியாரும் ஆசிரியர்கள்; மற்ற நால்வரும் சட்ட மாணவர்கள். ஒரு ரூபாய் பன்னிரண்டு அணாவைக் கடனாக வாங்கி எண்பது பிரதிகள் அச்சிட்டு, அதே ஆண்டு செப்டம்பர் மாதம் 20-ந் தேதி வாரப் பத்திரிகை ஒன்றை வெளியிட்டார்கள். அதுதான் இன்று நாடெங்கும் வாசிக்கப்படும் தி இந்து ஆங்கிலப் பத்திரிகை. திருவாரூர்க் கணக்கரின் உதவியாள் வாங்கிய மாதச் சம்பளத்துக்கும் அந்தப் பத்திரிகையின் முதலுக்கும் வித்தியாசம் முக்கால் ரூபாய்தான்!

பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் அந்த ஆசனத்தில் அவர் இருந்தார். சில காலம் தலைமை நீதிபதியின் பொறுப்பையும் வகித்தார். 1893-ல் சர் பட்டம் கிடைத்தது. நிலத் தகராறுகளும் சொத்துப் பாகங்களும் அவர்முன் வந்துகொண்டேயிருந்தன. பட்டாவையும் தீர்வைக் கணக்கையும் கையில் எடுத்தால், மற்ற நீதிபதிகள் வக்கீல் சொல்லக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதை, அவர் பன்னிரண்டு வயதில் தம் கையாலேயே எழுதியிருந்தார். சிறு வேலை வீண் போகவில்லை என்று சொல்வது போதாது. பெரிய வேலைக்கு அதுவே பள்ளிக்கூடமாயிருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

1895-ம் ஆண்டு ஜனவரி மாதம் 25-ந் தேதி, அறுபத்து மூன்றாவது வயது நிறைய மூன்று நாள் இருக்கையில், அவர் காலமானார். சென்னை உயர் நீதிமன்றத்துக்குள்ளே அவர் அமர்ந்திருக்கும் பளிங்குச் சிலை இருக்கிறது. வழக்கு விஷயமாக அங்கே போகிறவர்கள் அதைக் காணலாம்.

சட்டப் புத்தகங்களிலும் தீர்ப்புகளிலும் அவர் பெயர் டி. முத்துசாமி ஐயர் என்றே அச்சாகியிருக்கும். அந்த முதல் எழுத்து, பிறந்த ஊராகிய உச்சுவாடியைக் குறிப்பதல்ல. தாயாரோடு பிழைக்க வந்து, மாதம் ஒரு ரூபாய்க்குக் கணக்கு எழுதிய திருவாரூரைக் குறிப்பது.