கேம்பிரிட்ஜில் ராமானுஜன் குடியேறிய கதை

கணித மேதை ஸ்ரீநிவாஸ ராமானுஜனின் பெருமையை நம் அங்கத்தினர்கள் அனைவரும் அறிவார்கள். வெளிதேசத்தில் அவர் தனியாகக் காலம் தள்ளியதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. பிள்ளைகளை வேலைக்காக வெளிநாடு அனுப்பும் குடும்பங்கள் நம்மில் அதிகம் என்பதால் அதைச் சொல்ல விரும்புகிறேன்.

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா ஆனார். பேராசிரியர் ஹார்டியின் அழைப்பும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் வருஷம் 250 பவுன் உதவித்தொகையும் கிடைத்தன. குடுமியை எடுத்து, மனைவி ஜானகியை ஊரில் விட்டு, 1914 மார்ச் 17-ல் கப்பலேறினார். முதல் சில வாரங்கள் கணித ஆசிரியர் நெவில் தம் வீட்டிலேயே அவரைத் தங்க வைத்தார். பிறகு டிரினிட்டி கல்லூரி அறைக்குப் போனார்.

உத்தியோகத்தில் சீக்கிரமே வேரூன்றிவிட்டார். 1915-ல் நீண்ட ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்தது. 1916-ல் பட்டம் பெற்றார். சொந்த வாழ்க்கை அப்படி அமையவில்லை. சைவ ஆகாரம் என்பதால் கல்லூரிப் பந்தியில் உட்காராமல் தாமே சமைத்தார். கணக்கில் மூழ்கினால் அதையும் மறந்தார். 1914 ஆகஸ்டில் மூண்ட யுத்தத்தால் காய்கறியும் பாலும் அரிதாயின. ஜானகியின் கடிதங்களும் சரியாக வந்து சேரவில்லை.

குளிர்காலத்தில், பிற்காலத்தில் புள்ளியியல் நிபுணராகப் புகழ்பெற்ற மஹலனோபிஸ் அவர் அறைக்குச் சென்றார். இரவில் குளிருக்கு ஓவர்கோட்டுடன் சால்வை போர்த்திப் படுப்பதாக அறிந்து கட்டிலைப் பார்த்தார். கம்பளிகள் மெத்தையோடு சேர்த்துச் செருகியே இருந்தன! அவற்றுக்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்பதை யாரும் ராமானுஜனுக்குச் சொல்லவில்லை; அவரும் கேட்கவில்லை.

நிகோபாரில் கட்சால் தீவில் நான் சில வருஷங்கள் பணியாற்றியபோது இதன் பொருள் விளங்கியது. கப்பல் வந்தால்தான் கடிதமும் சாமானும். இலங்கையிலிருந்து வந்து ரப்பர் தோட்டத்தில் குடியமர்ந்த தமிழ்க் குடும்பங்கள்தாம் எனக்கு அங்கே வாழக் கற்றுத்தந்தன. ஆபீஸ் வேலையை உத்தரவு கற்றுத்தரும். வாழ்க்கையை அக்கம்பக்கம்தான் கற்றுத்தர வேண்டும்.

1917-ல் ராமானுஜன் நோயில் விழுந்தார். 1918-ல் ராயல் சொஸைட்டி, டிரினிட்டி ஆகியவற்றின் ஃபெல்லோ பதவிகள் வந்தன, ஆரோக்கியம் திரும்பவில்லை. 1919-ல் நாடு திரும்பியவர், 1920 ஏப்ரல் 26-ல் சென்னையில் 32 வயதில் காலமானார்.

பிள்ளைகள் தொலைபேசியில் பேசும்போது சம்பளத்தை விசாரிப்பதோடு, என்ன சாப்பிட்டாய், எப்படித் தூங்குகிறாய், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். அந்தந்த ஊரில் உள்ள நம் அங்கத்தினர்கள் புதிதாக வந்தவர்களை ஒருமுறை நேரில் போய்ப் பார்ப்பது பெரிய உபகாரம்.