நாணலின் வலிமையைக் கண்ட அம்மையார்

சென்னைக் கடற்கரைச் சாலையில், மயிலாப்பூருக்கு அணித்தாக நிற்கும் இராணி மேரிக் கல்லூரி 1914-ஆம் ஆண்டில் மகளிருக்கென்றே தொடங்கப்பெற்றது. பெண்கள் பட்டம் பெறுவது அரிதாயிருந்த அக்காலத்தில், தலைச்சேரியிலிருந்து அங்குப் பயில வந்தவர் ஜானகி அம்மாள். அவர் பிறந்தது 1897 நவம்பர் 4 அன்று. தந்தையார் நீதித்துறையில் பணிபுரிந்தவர். பறவைகளைப் பற்றி நூல் எழுதுமளவுக்கு இயற்கையில் தோய்ந்தவர். மகளுக்குச் செடி கொடிகளின்மேல் தோன்றிய பற்று தந்தைவழி வந்த சொத்து எனலாம்.

1921-இல் மாநிலக் கல்லூரியில் தாவரவியல் ஆனர்ஸ் பட்டம் பெற்று, மகளிர் கிறித்துவக் கல்லூரியில் ஆசிரியரானார். உடன்பிறந்தார் பலரும் இல்லறம் ஏற்ற நிலையில், அவருக்கும் உறவிலேயே திருமணம் பேசப்பெற்றது. அவரோ அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் அளித்த உதவித்தொகையை ஏற்றுக் கப்பலேறினார். 1931-இல் அங்கேயே அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார். இறுதிவரை மணம் செய்துகொள்ளவில்லை.

திருவனந்தபுரத்தில் இரண்டாண்டு கற்பித்தபின், 1934-இல் கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். கரும்பின் கதையைச் சற்று விரித்துரைக்க வேண்டும். சாறு மிகுந்த தடித்த கரும்பு வடநாட்டுத் தட்பவெப்பத்தையும் நோயையும் தாங்காது. ஆற்றங்கரையில் தானே முளைக்கும் நாணலுக்கோ இனிப்பில்லை. ஆயினும் வறட்சிக்கும் வெள்ளத்துக்கும் அது சளைப்பதில்லை. ஒருவரும் பொருட்படுத்தாத இப்புல்லைக் கரும்போடு கலந்து, 1918-இலேயே 'கோ 205' என்னும் வகையைப் பார்பரும் வேங்கடராமனும் வெளியிட்டிருந்தனர். ஆகவே, இந்தியக் கரும்புக்கு இனிப்பூட்டியவரே ஜானகி அம்மாள்தான் என இன்று பலர் எழுதுவது மிகை. அவர் செய்த பணி வேறு. அதன் பெருமைக்கு மிகையுரை வேண்டியதில்லை.

இனிப்புக் கரும்பின் உயிரணுவில் 80 குரோமோசோம்கள் உள்ளன. நாணலிலோ வகைக்கு வகை 40 முதல் 128 வரை வேறுபடும். கலப்பினங்களுள் சில செழித்து விதை தருவதற்கும் சில மலடாவதற்கும் காரணம் இவ்வெண்ணிக்கையிலும், அவை இணைசேரும் முறையிலும் அடங்கியிருக்கிறது. நுண்ணோக்கியின்கீழ் அவற்றைப் பொறுமையுடன் எண்ணியவர் அம்மையார். கரும்பைச் சோளத்தோடும் மக்காச்சோளத்தோடும் தருப்பை இனத்தோடும்கூடக் கலந்து பார்த்தார். தொல்காப்பியம் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிராக வகுத்தது. சமண நூல்களும் அவ்வாறே கொள்கின்றன. அந்த ஓரறிவுயிரின் உள்ளே இத்தனை நுட்பமான கணக்கு நிகழ்கிறது!

பெண் என்பதாலும், பிறந்த குலத்தாலும் பணியிடத்தில் அவர் பட்ட மனவருத்தங்கள் சிலவல்ல. 1939-இல் எடின்பரோ மாநாட்டுக்குச் சென்றவர், உலகப்போர் மூண்டதால் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். இரவில் குண்டு விழும்போது கட்டிலுக்கடியில் ஒதுங்குவதும், விடிந்ததும் உடைந்த கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கிவிட்டு ஆய்வைத் தொடர்வதுமாக இலண்டன் நாள்கள் கழிந்தன. பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பேட்டை டார்லிங்டன் என்னும் அறிஞருடன் சேர்ந்து 1945-இல் வெளியிட்டார். உலகெங்கும் பயிர் வளர்ப்போர்க்கு அது கைந்நூலாயிற்று.

பின்னர் விஸ்லி தோட்டத்தில், கால்ச்சிசின் என்னும் மருந்தால் மக்னோலியாச் செடிகளின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கினார். நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் உள்ள நச்சுப்பொருளும் அதுவே. அம்மையாரின் பெயர் தாங்கிய வெண்ணிற மக்னோலியா வகை ஒன்று இங்கிலாந்தில் இன்றும் உண்டு.

1951-இல் நேருவின் அழைப்பை ஏற்றுத் தாயகம் திரும்பி, இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வுத் துறையைச் சீரமைக்கும் பொறுப்பேற்றார். நம் நாட்டுச் செடிகளை அயலார் திரட்டிச் சென்று அயல்நாட்டு நிலையங்களில் வைத்திருக்க, நாம் அவற்றை அங்குச் சென்று காணவேண்டியிருந்த நிலை அவரை வருத்தியது. 1955-இல் பிரின்ஸ்டனில், மனிதனால் புவியின் முகம் மாறுவதைப் பற்றி ஆராய்ந்த புகழ்பெற்ற மாநாட்டில் அழைப்புப் பெற்ற ஒரே பெண்மணி அவரே.

ஜம்முவிலும் டிராம்பேயிலும் பணியாற்றியபின், 1970-இல் சென்னைக்கு மீண்டார். மாணவியாய்க் கால்வைத்த நகரில், பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தின் மதுரவாயல் கள ஆய்வகமே அவருக்கு இல்லமாயிற்று. மூலிகைகளை ஆராய்ந்துகொண்டு மிக எளிமையாக வாழ்ந்தார். 1977-இல் பத்மஸ்ரீ விருது வந்தது.

அக்காலத்தில் பாலக்காட்டு மாவட்டத்து அமைதிப் பள்ளத்தாக்கில், குந்திப்புழையின் குறுக்கே அணைகட்டி மின்சாரம் எடுக்கத் திட்டமிட்டனர். பழைமையான மழைக்காடு நீரில் மூழ்கும் நிலை. எண்பது வயதைக் கடந்த அம்மையார் எதிர்ப்பாளர்களோடு நின்றார்; அக்காட்டு மரஞ்செடிகளின் குரோமோசோம் கணக்கெடுப்பையும் மேற்கொண்டார். ஆற்றங்கரை நாணலில் கரும்புக்கான வலிமை மறைந்திருந்ததை அறிந்தவர் அவர். பெயரறியாக் காட்டுச்செடி ஒன்று நாளைய பயிருக்கு என்ன தரவிருக்கிறது என்பதை, அதை மூழ்கடித்தபின் எவ்வாறு அறிவது?

1983-இல் அணைத்திட்டம் கைவிடப்பட்டது. 1984 பிப்ரவரி 7 அன்று, 86-ஆம் வயதில், ஜானகி அம்மாள் மறைந்தார். அவ்வாண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றது.