வீட்டை இடித்துக் குளம் வெட்டிய ஆயி

வில்லியனூரிலும் பாகூரிலும் எத்தனையோ வீட்டு வாசலில் ரோஜாச் செடி நிற்கிறது. அதற்குக் காலையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். வேரடியில், மண் ஆழமாக நனையும்படி ஊற்ற வேண்டும். மேலாகத் தெளித்தால் வேர் கீழே இறங்காது. இலையை அடிக்கடி நனைத்தால் நோய் பிடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது நல்ல தண்ணீராக இருக்க வேண்டும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் இலை ஓரம் கருகிவிடும்.

ரோஜாவுக்கே இப்படி என்றால், மனிதர் பாடு என்ன? கடலோரத்தில் இருக்கும் புதுச்சேரி நகருக்கு ஒரு காலத்தில் நல்ல தண்ணீர்தான் பெருங்கவலை. அந்தக் கவலை தீர்ந்த கதை ஒரு பெண்ணின் கதை. அவள் பெயர் ஆயி.

கோயிலா, வீடா?

ஆயி ஒரு தாசி. நகருக்கு மேற்கே முத்திரையர்பாளையத்தில் வாழ்ந்தாள். அவள் கதையை ஊரார் வாய்வழியாகச் சொல்லி வருகிறார்கள். ஆளுக்கு ஆள் சிறிது மாற்றிச் சொல்வதும் உண்டு.

விஜயநகரத்தைக் கிருஷ்ணதேவராயர் ஆண்ட காலம் (1509 - 1529). ஒருநாள் மாலை மன்னர் அந்த வழியாகப் போனார். தூரத்தில் ஒரு மாளிகை தெரிந்தது. எங்கும் விளக்கு வெளிச்சம். கோயில் என்று நினைத்து மன்னர் கும்பிட்டார். அது தாசியின் வீடு என்று பிறகு தெரிந்தது. மன்னரின் முகம் சிவந்தது. வீட்டைத் தரைமட்டமாக்கும்படி கட்டளையிட்டார்.

இதில் ஆயி செய்த குற்றம் என்ன? வீட்டில் விளக்கேற்றினாள், அவ்வளவுதான். கும்பிடச் சொல்லி அவள் யாரையும் அழைக்கவில்லை!

ஆயி அழுதாள். கெஞ்சினாள். மன்னர் மனம் இளகவில்லை. கடைசியில் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். வீட்டைத் தானே இடித்துவிடுவதாகவும், அதற்கு அவகாசம் வேண்டும் என்றும் சொன்னாள். அனுமதி கிடைத்தது.

ஆயி வீட்டை இடித்தாள். அதோடு நிற்கவில்லை. வீடு இருந்த இடத்தில் குளம் வெட்டினாள். சேர்த்து வைத்த பொருளையெல்லாம் அதில் செலவழித்தாள். ஊருக்கு நல்ல தண்ணீர் கிடைத்தது.

நம் பக்கத்தில் பெரிய ஏரிகளுக்குக் குறைவில்லை. பெண்ணையாற்றுத் தண்ணீர் பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்கு வருகிறது. வில்லியனூர்ப் பக்கம் ஊசுட்டேரி கடல் போல் கிடக்கிறது. அளவில் ஆயி குளம் இவற்றின் கிட்டே வராது. ஆனால் அது ஒரு பெண் குடியிருந்த வீட்டைக் கொடுத்து வெட்டிய குளம்.

சக்கரவர்த்தி கேட்ட கேள்வி

முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் ஆட்சி. பிரான்சில் மூன்றாம் நெப்போலியன் சக்கரவர்த்தி (1852 - 1870). என்ஜினீயர் லாமைரெஸ் முத்திரையர்பாளையத்திலிருந்து வாய்க்கால் அமைத்து நகருக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். குழாயடியில் குடம் நிறைந்தது.

செய்தி பாரீசுக்குப் போயிற்று. அந்தக் குளத்தை வெட்டியது யார் என்று சக்கரவர்த்தி விசாரித்தாராம். ஆயியின் கதையைச் சொன்னார்கள். அவள் நினைவாக நகரின் நடுவே மண்டபம் கட்டும்படி அவர் உத்தரவிட்டார் என்பார்கள்.

பாரதி பூங்காவில் வெள்ளை வெளேரென்று நிற்கிறதே, அதுதான் ஆயி மண்டபம். புதுவை அரசாங்க முத்திரையில் இருப்பதும் அதே மண்டபம்தான். அடுத்த முறை அரசாங்கக் காகிதம் ஏதாவது கைக்கு வந்தால் உற்றுப் பாருங்கள். முத்திரையர்பாளையத்திலிருந்து இன்றும் நகருக்குக் குடிநீர் போகிறது.