பாசியைத் தேடி ஒரு வாழ்நாள்: எம்.ஓ.பி. ஐயங்காருக்கும் இறால் தீவனத்துக்கும் என்ன தொடர்பு?

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் வானம் பார்த்த பூமி. பரளச்சி மாதிரி ஊர்களில் மழை பெய்தால் கண்மாயில் தண்ணி நிற்கும். கோடையில் வற்றி, சேறு பாளம் பாளமாக வெடித்துவிடும். வற்றும் தண்ணீரின் ஓரத்தில் பச்சையாக ஒரு படலம் படியும். 'பாசி, வழுக்கும்' என்று நாம் ஒதுங்கிப் போய்விடுவோம். அந்தப் பாசியைப் பார்ப்பதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர் ஒருவர் உண்டு. இன்று இறால் தீவனத்தில் சேர்க்கப்படும் சிவப்பு நிறமியைப் புரிந்துகொள்ள, அவர் கதையிலிருந்து தொடங்கலாம்.

யார் இவர்?

மண்டயம் ஓசூரி பார்த்தசாரதி ஐயங்கார். 1886 டிசம்பர் 15-ல் சென்னையில் பிறந்தார். மாநிலக் கல்லூரியில் படித்து 1909-ல் எம்.ஏ. முடித்தார், பின்னர் அங்கேயே பேராசிரியரும் ஆனார். தாவரவியல் என்றால் மரம், செடி, பூ என்றிருந்த காலம் அது. இவர் கண்ணுக்கே சரியாகத் தெரியாத பாசிகளின் பின்னால் போனார். பாம்பனுக்குப் பக்கத்தில் இருக்கும் குருசடைத் தீவின் கடற்பாசிகளைப் பற்றி 1927-ல் எழுதினார். 1930-ல் லண்டன் குயின் மேரி கல்லூரியில், அப்போது பாசி ஆய்வில் பெரிய பெயராக இருந்த ஃபிரிட்ச்சிடம் பிஎச்.டி. முடித்தார். 1933-ல் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தின் இயக்குநர் ஆனார். இந்தியப் பாசியியலின் தந்தை என்று இன்றும் இவரைத்தான் சொல்கிறார்கள்.

காய்ந்த குட்டையில் கிடைத்தது

1932-ல் ஒரு புதிய பாசியை உலகுக்கு அறிவித்தார். வற்றிவரும் மழைநீர்க் குட்டையின் ஈரச் சேற்றில் வளர்வது அது. கொஞ்சம் மண்ணுக்குள், கொஞ்சம் மண்ணுக்கு மேலே என்று அதன் உடல் அமைந்திருந்தது. நீரில் இருந்த தாவரங்கள் எப்படி நிலத்துக்கு ஏறியிருக்கும் என்ற பெரிய கேள்விக்கு அது ஒரு துப்பு. ஆசிரியரின் நினைவாக அதற்கு 'ஃபிரிட்ச்சியெல்லா' என்று பெயர் வைத்தார்.

அவர் அதிகம் உழைத்த இன்னொரு கூட்டம், வால்வோகேல்ஸ் என்ற நுண்பாசி வரிசை. இறால் கதை இங்கேதான் வருகிறது.

பச்சை ஏன் சிவப்பாகிறது?

அந்தக் காலத்து வகைப்பாட்டின்படி இதே வரிசையில் வருபவை ஹீமட்டோகாக்கஸ், டுனாலியெல்லா. ஹீமட்டோகாக்கஸ் மழைக்குட்டைகளில் வாழும். தண்ணீர் வற்றி, வெயில் ஏறி, சத்து குறைந்தால் தன்னைச் சுற்றித் தடித்த சுவர் கட்டிக்கொண்டு சிவப்பாக மாறிவிடும். அந்தச் சிவப்புதான் அஸ்டாக்சாந்தின். பாசியின் உலர் எடையில் 3 முதல் 4 சதவீதம் வரைகூட சேரும். உப்பளத் தண்ணீரைச் சிவக்க வைக்கும் டுனாலியெல்லாவில் சேர்வது பீட்டா கரோட்டின். இரண்டுமே கரோட்டினாய்டு நிறமிகள். கஷ்டகாலத்தில் பாசி போட்டுக்கொள்ளும் கவசம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இறாலுக்கு எதற்கு?

இறாலால் இந்த நிறமியைத் தானாகத் தயாரிக்க முடியாது. சாப்பாட்டில் இருந்துதான் வர வேண்டும். கடலில் அது தானாகக் கிடைத்துவிடும். நெருக்கமாக வளர்க்கும் பண்ணைக் குளத்தில், தீவனத்தில் இல்லாவிட்டால் இறாலிலும் இருக்காது. நிறமி குறைந்த டைகர் இறால் நீலம் பாய்ந்துபோகும். வேகவைத்த இறால் சிவப்பதும் இதே அஸ்டாக்சாந்தினால்தான்: சூட்டில் புரதம் சிதைந்து நிறமி வெளிப்படுகிறது.

நிறம் மட்டுமல்ல, செல்களைச் சிதைக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகளையும் இது கட்டுப்படுத்தும். உப்பின் அளவு மாறுவது, ஆக்சிஜன் குறைவது போன்ற நெருக்கடிகளை, நிறமி சேர்த்த தீவனம் தின்ற இறால்கள் நன்றாகத் தாங்கியதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன.

1990-களின் நடுவில் வெள்ளைப்புள்ளி நோய் தாக்கியபோது தமிழகக் கடலோரப் பண்ணைகள் பெரும் நஷ்டத்தைச் சந்தித்தன. ஆன்டிபயாடிக் போடலாம் என்றால், அது வைரஸுக்கு வேலை செய்யாது. இறாலில் அதன் எச்சம் இருந்தால் ஏற்றுமதிச் சரக்கு திரும்பி வரும். அதனால்தான் எதிர்ப்புச் சக்தியைத் தீவனத்திலேயே தேடுகிறார்கள். ஆனால் ஒன்று: பாசி நிறமி மருந்து இல்லை. வெள்ளைப்புள்ளியை அது குணப்படுத்தாது. ரசாயன முறையில் செய்த அஸ்டாக்சாந்தினைவிட விலையும் அதிகம். நல்ல குஞ்சு, சுத்தமான தண்ணீர், அளவான எண்ணிக்கை ஆகியவற்றுக்குப் பிறகுதான் இதற்கு இடம்.

அவர் பார்க்காதது

ஐயங்கார் இறால் தீவனத்தை ஆராய்ந்தவர் இல்லை. 1963 டிசம்பர் 10-ல் அவர் மறைந்தபோது, இங்கே இறால் பண்ணைத் தொழிலே தலையெடுக்கவில்லை. அவரும் மாணவர் தேசிகாச்சாரியும் எழுதிய 'வால்வோகேல்ஸ்' நூல் 1981-ல், அவர் இறந்து 18 வருடம் கழித்துத்தான் வெளிவந்தது.

இதனால் என்ன லாபம் என்று அன்று கேட்டிருந்தால், அவரிடம் இறால் என்ற பதில் இருந்திருக்காது. ஆனால் எந்தப் பாசி எது, எங்கே வளரும், எப்போது உருமாறும் என்று யாராவது பொறுமையாகப் பார்த்து எழுதிவைத்தால்தான், பிறகு வருபவர் அதைத் தொட்டியில் வளர்க்க முடியும். அடுத்த தடவை வற்றும் கண்மாய் ஓரத்தில் பாசியைப் பார்த்தால், ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். வழுக்கும், கவனம்.