கேட்டவருக்கு வேலை: வி.ச. பாகேயின் கதை

மகாராஷ்டிரத்தில் மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள் தங்கள் சம்பளச் சீட்டில் 'தொழில் வரி' என்ற பிடித்தத்தைப் பார்த்திருப்பார்கள். தொகை சிறியது. முணுமுணுத்துவிட்டு மறந்துவிடுவதே வழக்கம். ஆனால் 1975-ல் அந்த வரி வந்தபோது அதற்கு ஒரு நோக்கம் இருந்தது. வேலையின்றித் தவிக்கும் கிராமத்து ஏழைக்கு நகரத்துச் சம்பளக்காரர் தம் பங்கைக் கொடுக்க வேண்டும் என்பதே அது. அந்த ஏற்பாட்டுக்கு மூலகாரணமாக இருந்தவர் விட்டல் சகாராம் பாகே.

பாகே 1910-ல் பிறந்தார். சாங்லி வட்டாரத்தைச் சேர்ந்தவர். காந்தியடிகளின் வழியைப் பின்பற்றிச் சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்டவர். பின்னர் மகாராஷ்டிர சட்ட மேலவையின் தலைவரானார். 1960 முதல் 1978 வரை, பதினெட்டு ஆண்டுகள், அந்த நாற்காலியில் இருந்தார். முதலமைச்சர்கள் மாறினார்கள், மேலவைத் தலைவர் மாறவில்லை.

சாங்லி மாவட்டத்தில் கிருஷ்ணா நதி ஓடும் பக்கம் கரும்பு செழிக்கும். கிழக்கே தாஸ்காவ் தாலுகாவுக்குப் போனால் நிலைமை வேறு. அங்கே மழை குறைவு. விதைப்புக்கும் அறுவடைக்கும் நடுவே கூலிக்காரருக்கு வேலை இராது. மழை பொய்த்த வருஷத்தில் விதைப்பும் இல்லை, அறுவடையும் இல்லை. மகாராஷ்டிரத்தின் வறண்ட பகுதிகளிலிருந்து குடும்பம் குடும்பமாக மாட்டு வண்டி கட்டிக்கொண்டு கரும்பு வெட்டப் போவார்கள். மற்றவர்கள் பம்பாய் நடைபாதைக்கு வந்து சேருவார்கள். குழந்தைகளின் படிப்பு அத்தோடு நின்றுவிடும். வயதானவர்கள் ஊரில் தனியே கிடப்பார்கள். நெல்லைச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்து குடியேறிய குடும்பங்களுக்கு இந்தத் துயரத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பஞ்சம் வந்தபின் கஞ்சி ஊற்றுவதைவிட, வேலை கேட்டு வருகிறவருக்கு வேலை கொடுப்பது சர்க்காரின் கடமை என்று பாகே கருதினார். 1965-ல் தாஸ்காவ் தாலுகாவிலுள்ள விசாப்பூர் கிராமத்தில் இந்த யோசனை சோதித்துப் பார்க்கப்பட்டது. அதில் கிடைத்த அனுபவத்தைக் கொண்டு, முதலமைச்சர் வசந்தராவ் நாயக்கின் ஆட்சியில், 1972-ல் வேலை உத்தரவாதத் திட்டம் அறிவிக்கப்பட்டது.

அதே வேளையில் மாநிலத்தைக் கொடும் பஞ்சம் பிடித்தது. 1973 மே மாதத்தில் நிவாரண வேலைகளில் ஏறக்குறைய 50 லட்சம் பேர் கல் உடைத்தும் மண் சுமந்தும் பிழைத்தார்கள். அவர்களில் பெண்கள் ஏராளம். உழைத்துச் சாப்பிடத்தான் ஏழை விரும்புகிறான் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

பஞ்சம் ஓய்ந்தது. இனிப் பணத்துக்கு எங்கே போவது என்ற கேள்வி எழுந்தது. ஆண்டுதோறும் டில்லியை எதிர்பார்த்திருந்தால் உத்தரவாதம் என்ற சொல்லுக்கே பொருள் இராது. ஆகவே இந்தத் திட்டத்துக்கென்று தனி நிதி ஏற்பட்டது. தொழில் வரியோடு, வாகன வரி, விற்பனை வரி ஆகியவற்றின் மேல் கூடுதல் வரி, பாசன நிலத்தின் மேல் தனித் தீர்வை ஆகியவையும் அதில் சேர்ந்தன. இப்படி வசூலாகும் தொகைக்குச் சமமான தொகையை மாநில சர்க்காரும் போட வேண்டும். கிராமத்தில் வேலை கிடைத்தால் நகரத்தில் நெரிசல் குறையும் என்ற எண்ணமும் நகரத்தாரை இதற்கு இணங்க வைத்தது.

பணம் வந்தாலும், அரசாணையை எந்த ஆட்சியும் ரத்து செய்துவிடலாம். சட்டமானால் அது உரிமையாகிவிடும். 1977-ல் சட்டமன்றம் சட்டத்தை நிறைவேற்றியது. 1979 ஜனவரி 26-ந் தேதி, குடியரசு தினத்தன்று, அது அமலுக்கு வந்தது. கிராமப்புறத்தில் வயது வந்த எவரும் உடலுழைப்பு வேலை கேட்கலாம். பதினைந்து நாளில் வேலை தர வேண்டும். தரத் தவறினால் நாளொன்றுக்கு ஒரு ரூபாய் படி. கைக்கு வேலை தரும் பணிகளுக்கே முதலிடம் என்பதால், செலவில் ஐந்தில் மூன்று பங்காவது கூலியாகப் போய்ச் சேர வேண்டும். வேலை செய்யுமிடத்தில் குடிநீர், நிழல், முதலுதவி, கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு ஆகியவையும் வேண்டும். வரப்பு, ஏரி, சாலை என்று வேலைகள் நடந்தன.

குறைகளும் இருந்தன. கூலி நெடுங்காலம் குறைவாகவே இருந்தது. 1988-ல்தான் குறைந்தபட்சக் கூலி அளவுக்கு உயர்ந்தது. சில இடங்களில் வருகைப் பட்டியலில் பொய்ப் பெயர்கள் ஏறின. வேலை தராத நாட்களுக்கான படி பலருக்குக் கைக்கு எட்டவில்லை. கரும்பு வெட்டப் போகும் வண்டிகளும் நின்றுவிடவில்லை. ஆயினும் வேலை கேட்டுத் தாலுகா கச்சேரி வாசலில் நிற்பவர் பிச்சை கேட்க வந்தவரல்ல, தமக்குச் சேர வேண்டியதைக் கேட்க வந்தவர் என்ற நிலை உண்டாயிற்று.

பாகே 1990-ல் காலமானார். பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2005-ல், நாடாளுமன்றம் ஊரக வேலை உறுதிச் சட்டத்தை இயற்றியது. பதினைந்து நாள் கெடு, தவறினால் படி, வேலைத்தலத்தில் தண்ணீர், நிழல், குழந்தைக்குக் காவல் என்று மகாராஷ்டிரத்தில் நடைமுறையில் இருந்தவை அதிலும் இடம்பெற்றன. தமிழகத்துக் கிராமங்களில் 'நூறு நாள் வேலை' என்று வழங்கிய திட்டம் அதுதான்.

பம்பாயில் குமாஸ்தாவாக இருந்து தொழில் வரி கட்டிய தமிழர்கள் பலர். மராட்டியக் கிராமத்தில் ஓர் ஏரிக்கரை உயர்ந்ததில் அவர்கள் பணமும் கலந்திருக்கிறது. பின்னாளில் அதே யோசனை தேசத்தின் சட்டமாகி, அவர்கள் விட்டுவந்த ஊரின் கண்மாய்க்கும் போய்ச் சேர்ந்தது.