நாலடி மனிதரும் ராத்திரி கரண்டும்
– இரண்டாம் ஆண்டு மாணவன், மின்னியல் துறை

நம்ம பேரவை மலரில் வருஷா வருஷம் எடிசன், ஃபாரடே என்று யாராவது ஒரு பெரியவரின் வாழ்க்கை வரும். இந்த வருஷம் நான் எடுத்துக்கொண்டவர் சார்லஸ் புரோட்டியஸ் ஸ்டெயின்மெட்ஸ். நம்ம டிபார்ட்மெண்ட் ஆட்களுக்கு இவரை நன்றாகவே தெரியும், ஆனால் ஆளாகத் தெரியாது. மெஷின்ஸ் பேப்பரில் ஹிஸ்டெரிசிஸ் லாஸ் சூத்திரம் எழுதுவோமே, அதில் ஃப்ளக்ஸ் டென்சிட்டிக்கு மேலே அடுக்காக ஒரு 1.6 உட்கார்ந்திருக்கும். அந்த 1.6-க்குச் சொந்தக்காரர் இவர்தான். பக்கத்திலேயே ஸ்டெயின்மெட்ஸ் மாறிலி என்று ஒன்றும் வரும். ரெண்டு மார்க்குக்கு மனப்பாடம் பண்ணிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவோம்.

நான் ஏன் இவரைத் தேடிப் போனேன் என்றால், காரணம் எங்க அப்பா. அவர் டீசல் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். எங்க தெருவில் மூணு பேட்டரி ஆட்டோ வந்ததிலிருந்து, இருக்கிற வண்டியை விற்றுவிட்டு அதுபோல ஒன்று வாங்கலாமா என்று வீட்டில் ஆறு மாசமாகப் பேச்சு. கடன் வாங்கித்தான் வாங்கணும். அப்பா ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டார். அந்தக் கரண்ட்டும் நிலக்கரியை எரிச்சுத்தானே வருது, அப்புறம் இதில் என்ன புதுசு? எங்க வீட்டில் பத்தாவதைத் தாண்டிப் படிக்க வந்தவன் நான் ஒருத்தன்தான். அதனால் பதில் சொல்லும் பொறுப்பு என் தலையில்! நூலகத்தில் தேடும்போதுதான் தெரிந்தது, இதே கேள்வியோடு நூறு வருஷத்துக்கு முன்னாடியே ஒரு மனிதர் மல்லுக்கட்டியிருக்கிறார் என்று.

ஸ்டெயின்மெட்ஸ் பிறந்தது 1865 ஏப்ரல் 9-ஆம் தேதி, அன்றைய பிரஷ்யாவின் பிரெஸ்லாவ் நகரத்தில். இன்று அது போலந்தில் இருக்கிறது, பெயரும் வ்ரோத்ஸ்வாஃப் என்று மாறிவிட்டது. அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. பிள்ளைக்கு ஒரு வயது இருக்கும்போதே அம்மா இறந்துவிட்டார். முதுகு கூன், இடுப்பெலும்பிலும் கோளாறு, வளர்ந்த பிறகும் உயரம் சுமார் நாலடிதான். அவருடைய அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் இதே கூன் இருந்தது. தன்னோடு இது முடியட்டும் என்று நினைத்து அவர் கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

ஆனால் கணக்கு என்றால் புலி! 1883-ல் பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே தோழர்கள் வைத்த பட்டப்பெயர்தான் புரோட்டியஸ். நினைத்த உருவம் எடுக்கும் கிரேக்கக் கடல் தெய்வத்தின் பெயர் அது. கணக்கோடு நிற்காமல் சோஷலிஸ்ட் மாணவர்களோடும் சேர்ந்தார். ஜெர்மனியில் 1878-லேயே பிஸ்மார்க் சோஷலிஸ்ட்டுகளுக்கு எதிராகச் சட்டம் போட்டிருந்தார். பத்திரிகை வேலையில் ஸ்டெயின்மெட்ஸ் கை வைத்ததும் போலீஸ் கண் அவர்மேல் விழுந்தது. 1888-ல் டாக்டர் பட்டம் கைக்கு வரப்போகிற நேரம், நாட்டை விட்டே கிளம்ப வேண்டியதாயிற்று. பட்டமும் போச்சு. அப்பாவை அதன்பிறகு அவர் பார்க்கவே இல்லை. எனக்கு இந்த இடத்தைப் படிக்கும்போது மனசு கனத்தது. பிள்ளையைப் படிக்கவைத்து, பட்டம் வாங்கும் நாளுக்காகக் காத்திருந்த ஒரு அப்பா!

ஓடிப்போய் எங்கே சேர்ந்தார் தெரியுமா நண்பர்களே? சுவிட்சர்லாந்தில் ஜூரிச் பாலிடெக்னிக்கில்! (நாம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.) அங்கிருந்து 1889-ல் ஒரு நண்பரோடு நியூயார்க்குக்குக் கப்பல் ஏறினார். துறைமுகத்தில் குடியேற்ற அதிகாரிகள் அவரைப் பார்த்துவிட்டு உள்ளே விடத் தயங்கினார்கள். கையில் காசு இல்லை, ஆங்கிலம் வராது, உடம்பும் இப்படி. கூட வந்த நண்பர் தன்னிடம் இருந்த பணத்தைக் காட்டி, இவருக்கு நான் பொறுப்பு என்று மன்றாடினார். அதன்பிறகுதான் விட்டார்கள். உடம்பைப் பார்த்து எடை போட்ட அந்த அதிகாரிகளுக்கு, அந்தத் தலைக்குள் இருந்ததை எடை போடத் தராசு ஏது?

வேலை கிடைத்தது யாங்கர்ஸ் ஊரில், ஐக்மெயர் என்பவருடைய பட்டறையில். அவரும் ஒரு காலத்தில் ஜெர்மனியிலிருந்து அரசியல் காரணமாக வந்தவர்தான். தொப்பி செய்யும் மெஷினில் ஆரம்பித்து மோட்டார் வரை வந்தவர். ஸ்டெயின்மெட்ஸுக்கு முதலில் படம் வரையும் வேலை. அந்தக் காலத்தில் ஒரு ஏ.சி. மெஷின் எவ்வளவு சூடாகும் என்பதைக் கட்டி ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். இரும்புக் கோர் சூடாகிக் கருகினால் திரும்ப முதலிலிருந்து. ஸ்டெயின்மெட்ஸ் உட்கார்ந்து அளவுகளை எடுத்தார், மற்றவர்கள் எடுத்து வைத்திருந்த அளவுகளையும் சேர்த்துக்கொண்டார், விதியைக் கண்டுபிடித்தார். 1892 ஜனவரியில் அமெரிக்க மின்பொறியாளர் கழகத்தில் அதை வாசித்தார். ஃப்ளக்ஸ் டென்சிட்டியை இரண்டு மடங்காக்கினால் அந்த லாஸ் இரண்டு மடங்கோ நாலு மடங்கோ ஆகாது, ஏறக்குறைய மூணு மடங்கு ஆகும். கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள், 2-இன் 1.6 அடுக்கு 3.03 வரும். இன்றைய ஸ்டீலுக்கெல்லாம் அதே 1.6 பொருந்தாது, மெட்டீரியலுக்குத் தகுந்தபடி மாறும். ஆனாலும் மெஷினைக் கட்டுவதற்கு முன்பே காகிதத்தில் லாஸை எழுதலாம் என்று காட்டியது அவர்தானே!

அதே 1892-ல் உருவான ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி ஐக்மெயர் பட்டறையை வாங்கியபோது, ஸ்டெயின்மெட்ஸும் கூடவே போனார். 1894 முதல் ஷெனெக்டடி நகரம்தான் அவருக்கு ஊர். 1893-ல் சிகாகோ மாநாட்டில் ஏ.சி. கணக்குக்குக் கலப்பெண்ணைக் கொண்டுவந்தார். நாம் ஏ ப்ளஸ் ஜே பி என்று ரெண்டே வரியில் முடிக்கிற கணக்கை, அதற்கு முன்னால் பக்கம் பக்கமாக கால்குலஸ் போட்டு முடித்திருக்கிறார்கள். மாநாட்டில் கேட்டவர்களில் பெரும்பாலானவர்களுக்கு முதலில் புரியவில்லை. விட்டாரா? புத்தகமாக எழுதினார், 1902 முதல் யூனியன் கல்லூரியில் பேராசிரியராக வகுப்பும் எடுத்தார்.

இப்போ வண்டிக்கு வருவோம். பேட்டரி வண்டி இப்போ வந்த புதுசு என்று நாம் நினைக்கிறோம். 1900-ஆம் வருஷம் அமெரிக்காவில் தயாரான 4,192 கார்களில் 1,575 பேட்டரி கார்கள்! நீராவிக் காரும் அதற்குச் சமமாக இருந்தது, பெட்ரோல் கார்தான் கடைசி. பேட்டரிக்கு டி.சி. வேணும், ஊருக்குள் பல இடங்களில் வருவதோ ஏ.சி. அதை மாற்ற மெர்க்குரி ஆர்க் ரெக்டிஃபையர் வந்தது. பாதரசம் ஊற்றிய பெரிய கண்ணாடிக் குடுவை, ஓடும்போது நீலமாக மின்னும். கார் ஷெட்டில் அது மின்னிக்கொண்டே ராத்திரி முழுக்க சார்ஜ் ஏற்றும். எங்க தெரு ஆட்டோவின் சார்ஜருக்குள்ளே இருக்கிற டயோடுகள் செய்கிற வேலையும் இதேதான்.

ஸ்டெயின்மெட்ஸும் 1914 மாடல் டெட்ராய்ட் எலக்ட்ரிக் கார் ஒன்று வைத்திருந்தார். ஆனால் அவர் மனசு காரை விட, அந்தக் காருக்கு வரும் கரண்டில்தான் இருந்தது. பவர் ஹவுஸை எதற்குத் தகுந்த அளவில் கட்டுகிறோம்? சாயங்காலம் எல்லா விளக்கும் எரிகிற அந்தச் சில மணி நேரத்துக்காக. பாய்லர், டர்பைன், ஜெனரேட்டர் எல்லாம் அந்த உச்சத்துக்குத் தக்கபடி வாங்கியாக வேண்டும். நடுராத்திரியில் ஊர் தூங்கும், மெஷினும் பாதி சும்மா இருக்கும், ஆனால் போட்ட முதலுக்கு வட்டி தூங்காது! லோடு ஃபேக்டர் என்று படிக்கிறோமே, அது இதுதான். வண்டிகள் எல்லாம் ராத்திரியில் சார்ஜ் ஏற்றினால் அந்தப் பள்ளம் நிரம்பும், புதுசாக ஒரு ஜெனரேட்டர்கூட வாங்காமலே அதிக யூனிட் விற்கலாம், கரண்டும் மலிவாகும் என்று அவர் பேசியும் எழுதியும் வந்தார்.

சரி, அந்தக் கரண்ட் எதிலிருந்து? 1917-18 குளிர்காலத்தில், உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது, அமெரிக்காவில் நிலக்கரிக்குப் பெரிய தட்டுப்பாடு. 1918-ல் ஸ்டெயின்மெட்ஸ் நாட்டின் மொத்த எனர்ஜியையும் கணக்குப் போட்டு ஒரு கட்டுரை வாசித்தார். நாட்டிலுள்ள தண்ணீர் சக்தி முழுவதையும் பிடித்தாலும், அன்றைக்கு எரித்துக்கொண்டிருந்த எரிபொருளின் அளவுக்குத்தான் வரும் என்று அதில் காட்டினார். பெரிய அணை கட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினவர்களுக்கு இது ஒரு அடி. அவரே நீர்மின்சாரத்துக்குப் பக்கத்தில் இருந்தவர். ஹட்சன் ஆற்றில் மெக்கானிக்வில் நிலையத்திலிருந்து 1898 முதல் ஷெனெக்டடி ஆலைக்குக் கரண்ட் வந்துகொண்டிருந்தது.

அவர் சொன்ன வழி, எங்கெல்லாம் கொஞ்சம் சக்தி வீணாகிறதோ அங்கெல்லாம் பொறுக்கிச் சேர்ப்பது. சின்னச் சின்ன ஓடைகளில் இண்டக்ஷன் ஜெனரேட்டர் வைக்கலாம், அதற்கு எக்ஸைட்டர் வேண்டாம், பக்கத்திலேயே ஆள் நிற்கவும் வேண்டாம், லைனோடு கோர்த்துவிட்டால் போதும். நீராவிக்காகக் கரி எரிக்கிற ஆலைகளில், அந்த நீராவியை முதலில் ஒரு டர்பைனைச் சுற்ற வைத்துவிட்டு அப்புறம் சூடு பண்ண அனுப்பலாம். இது வெறும் பேச்சு இல்லை நண்பர்களே! நம்ம சர்க்கரை ஆலைகளில் கரும்புச் சக்கையை எரித்து நடக்கிற கோ-ஜெனரேஷன் இந்த ரகம்தான். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் முதலில் நட்ட காற்றாலைகளுக்குள்ளே சுற்றியதும் இண்டக்ஷன் ஜெனரேட்டர்தான். அவர் ஓடைக்குச் சொன்னதை நாம் காற்றுக்குச் செய்திருக்கிறோம்.

இதையெல்லாம் படித்துவிட்டு அப்பாவுக்கு ஒரு பழைய நோட்டில் கணக்குப் போட்டுக் காட்டினேன். கரியின் சூடு 100 பங்கு என்றால் அனல் நிலையத்தில் கரண்டாக மாறுவது சுமார் 35. லைனில் கொஞ்சம் போய் 30. சார்ஜரிலும் பேட்டரியிலும் போய் 25. மோட்டாரைத் தாண்டிச் சக்கரத்துக்கு வருவது 21, 22. ஊருக்குள் நின்று நின்று ஓடுகிற டீசல் வண்டியும் ஏறக்குறைய அந்த அளவுதான் தரும். அதனால் முழுக்கக் கரிக் கரண்ட்டிலேயே ஓடினால் எரிபொருளில் பெரிய மிச்சம் இல்லை, புகை நம்ம தெருவிலிருந்து அனல் நிலையத்துப் பக்கம் போகிறது, அவ்வளவுதான். அப்பா கேட்டதில் நியாயம் இருக்கிறது. நம் நாட்டில் இன்றும் பெரும்பங்கு கரண்ட் நிலக்கரியில்தான். ஆனால் டீசல் வண்டி பழைய இரும்புக் கடைக்குப் போகும் நாள் வரை டீசலைத்தான் குடிக்கும். பேட்டரி வண்டியோ, லைனில் காற்றும் வெயிலும் கூடக் கூட ஒரு நட்டைக்கூட மாற்றாமல் தானே சுத்தமாகிக்கொண்டு போகும். அப்பா நோட்டை ரெண்டு தடவை பார்த்துவிட்டு, பேட்டரி மாற்ற எவ்வளவு ஆகும் என்று கேட்டார். அது அடுத்த கணக்கு!

ஒரு விஷயத்தில் ஸ்டெயின்மெட்ஸ் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்பது என் கருத்து. அவர் காலத்துப் பள்ளம் நடுராத்திரி. இப்போ சோலார் ஏராளமாக வந்த பிறகு, கரண்ட் தாராளமாக இருப்பது நல்ல வெயில் அடிக்கிற மத்தியானத்தில். சவாரி முடிந்து ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து எல்லாரும் ஒரே நேரத்தில் பிளக்கைச் சொருகினால், உச்சத்தின் மேலே இன்னொரு உச்சம். பள்ளம் எங்கே இருக்கிறதோ அங்கே நிரப்பு என்ற கணக்கு மட்டும் மாறவில்லை.

அவர் எதிர்பார்ப்பு ஒன்று அடியோடு பொய்த்தும் போனது. பேட்டரி வண்டிதான் நாளைய வண்டி என்று நம்பினார். ஆனால் 1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி விலை வருஷா வருஷம் இறங்கியது. 1912-ல் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்து ஹேண்டில் சுற்றும் தொல்லையும் போனது. கிராமங்களில் கரண்டே இல்லை. 1920-களின் தொடக்கத்தில் அவர் பெயரிலேயே ஒரு கம்பெனி பேட்டரி லாரி செய்து பார்த்தது, நிலைக்கவில்லை.

சரி, மனிதர் எப்படி? கல்யாணம் இல்லை, ஆனால் தன்னிடம் வேலை பார்த்த ஹேடன் என்ற இளைஞரைச் சுவீகாரம் எடுத்து, அவர் மனைவி, குழந்தைகளோடு ஒரே வீட்டில் இருந்தார். பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தா! வீட்டோடு கண்ணாடிக் கூடம் கட்டிக் கள்ளிச்செடி வளர்த்தார், முதலை ரகமெல்லாம் வளர்த்தார். கோடையில் மொஹாக் ஆற்றுப் பக்கம் ஒரு குடில், படகின் குறுக்கே பலகையைப் போட்டு அதிலேயே கணக்கு எழுதுவார். 1911-ல் ஷெனெக்டடியில் சோஷலிஸ்ட் மேயர் வந்தபோது, பள்ளிக் கல்வி வாரியத்துக்குத் தலைவரானார். பிள்ளைகளுக்கு இலவசப் பாடப்புத்தகம் கொடுக்க வேலை செய்தார். அரசுப் பள்ளியில் இலவசப் புத்தகத்தில் படித்து இங்கே வந்த எனக்கு இது சாதாரணச் செய்தியாகத் தெரியவில்லை. இவ்வளவு பெரிய கம்பெனியில் சம்பளம் வாங்கிக்கொண்டே சோஷலிஸ்ட்டாகவும் இருந்தது எப்படி என்று கேட்பவர்கள் கேட்கட்டும். 1922-ல் ரஷ்யாவின் மின்மயத் திட்டத்துக்கு உதவத் தயார் என்று லெனினுக்கே கடிதம் போட்டவர், பதிலும் வந்தது.

அதே 1922-ல்தான் ஆய்வுக்கூடத்துக்குள் செயற்கை மின்னலை உண்டாக்கிக் காட்டினார். 1,20,000 வோல்ட்! மரக்கட்டை சிதறித் தெறித்தது. பத்திரிகைக்காரர்களுக்குத் திருவிழா. அவருக்கோ நெடுந்தூர லைன்களை இடியிலிருந்து காப்பாற்றும் வழி தெரிய வேண்டியிருந்தது.

1923 அக்டோபர் 26, காலை. நீண்ட பயணம் முடிந்து வீடு திரும்பிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. படுக்கையிலேயே இதயம் நின்றுவிட்டது. வயது 58. வெண்டல் அவென்யூவில் அவர் வீடு இருந்த இடம் இன்று ஒரு பூங்கா. அந்த 1914 மாடல் காரைப் பிற்காலத்தில் யூனியன் கல்லூரி வாங்கியது. ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து அதைச் சீர் செய்து, கல்லூரியிலேயே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.