உள்ளம் ஆய்ந்த மருத்துவர்

பழவேற்காட்டு ஏரியை அடுத்துள்ள ஊர்களுள் எளாவூரும் ஒன்று. அதனைச் சூழ்ந்த மீனவச் சிற்றூர்களில் வாழ்வோர் நாள்தோறும் ஏரிநீரைப் பார்த்துப் பழகியவர்கள். கரையில் நிற்கும் நமக்குத் தெரிவது நீரின் மேற்பரப்பு ஒன்றே. வலை வீசிப் பழகியவரோ நீரின் நிறத்தையும் அசைவையும் கொண்டு அதன் அடியில் உள்ளதை உய்த்துணர்வர். மனித உள்ளமும் ஏரியைப் போன்றதே. சொல்லும் செயலும் மேற்பரப்பு. அவற்றை இயக்கும் விருப்பங்களும் அச்சங்களும் நினைவுகளும் ஆழத்தில் உள்ளன. அந்த ஆழத்தை ஆராய்வதையே தம் வாழ்நாட்பணியாகக் கொண்ட இந்திய அறிஞர் ஒருவர் இருந்தார். எளாவூர் புகைவண்டி நிலையத்தைக் கடந்து வடக்கே செல்லும் இருப்புப்பாதை கல்கத்தா வரை நீள்கிறது. இன்று கொல்கத்தா என வழங்கும் அம்மாநகரே அவர் வாழ்ந்து பணிபுரிந்த இடம். அவர்தாம் டாக்டர் கிரீந்திரசேகர போஸ்.

கிரீந்திரசேகரர் 1887ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 30ஆம் நாள் பிறந்தார். அவருடைய தந்தையார் சந்திரசேகர போஸ், பீகாரிலுள்ள தர்பங்கா சமஸ்தானத்தில் திவானாகப் பணியாற்றியவர். அவர்தம் மக்களுள் கடைசியாகப் பிறந்தவர் கிரீந்திரர். தமையன்மாருள் ஒருவராகிய இராஜசேகர போஸ் பிற்காலத்தில் வங்காள மொழியில் சிறந்த நகைச்சுவை எழுத்தாளராகவும் அகராதி ஆசிரியராகவும் புகழ்பெற்றார். கல்வியும் நகைச்சுவையும் நிறைந்த அக்குடும்பத்தில் கிரீந்திரர் எதனையும் கேட்டுத் தெளியும் இயல்புடையவராக வளர்ந்தார். கல்கத்தாவில் மாநிலக் கல்லூரியில் கல்வி பயின்றபின் மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து, 1910ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் பெற்றார்.

இளமையிலேயே அவருக்கு அறிதுயிற் கலையில் ஆர்வம் மிகுந்திருந்தது. ஒருவரை உறக்கம் போன்ற நிலையில் ஆழ்த்தி, நற்கருத்துகளைச் சொல்லி நோயைத் தணிக்கும் முறையே அறிதுயில் எனப்படும். மருத்துவத் தொழிலை மேற்கொண்ட கிரீந்திரர், மனநோயாளிகள் சிலருக்கு இம்முறையைக் கையாண்டு பார்த்தார். ஆயினும் அறிதுயிலைப் பயன்படுத்திய மருத்துவர் பலரும் கண்ட குறையொன்று உண்டு. நோயின் அறிகுறி ஒருகால் மறைந்தாலும், நோயின் வேர் உள்ளேயே நின்றுவிடும். அந்த வேர் எது? அஃது எங்கே மறைந்திருக்கிறது? இவ்வினாக்களே அவரை உளநூலின்பால் ஈர்த்தன.

அந்நாளில் மனநோய் பற்றி மக்களிடையே நிலவிய எண்ணங்கள் இரங்கத்தக்கவை. பேய் பிடித்தது என்றும் முன்வினைப் பயன் என்றும் கூறி, நோயுற்றவர்களை அடித்தும் கட்டியும் வைப்பது பல இடங்களில் வழக்கமாயிருந்தது. அரசாங்கம் நடத்திய காப்பிடங்களோ உயர்ந்த மதில்களுக்குள் அவர்களை அடைத்துவைப்பனவாகவே பெரிதும் இருந்தன. காய்ச்சலுற்றவனுக்கு மருந்தும் ஆறுதலும் உண்டு. மனம் நொந்தவனுக்குத் தளையும் ஏளனமுமே கிடைத்தன.

உளநூல் நெடுங்காலம் தத்துவ நூலின் ஒரு பகுதியாகவே கருதப்பட்டது. 1879ஆம் ஆண்டில் செருமானிய நாட்டு லைப்சிக் நகரில் வில்லெம் வுண்ட் என்னும் பேராசிரியர் ஓர் ஆய்வுக்கூடத்தை நிறுவினார். அதன்பின் உளநூல் தனி அறிவியலாக வளரத் தொடங்கிற்று. ஒளி கண்ணிற்பட்டபின் கை அசைய எவ்வளவு நேரம் செல்கிறது? ஒரே நோக்கில் எத்தனைப் பொருள்களைக் கவனிக்க இயலும்? படித்தவற்றுள் எவை நினைவில் நிற்கின்றன, எவை மறக்கின்றன? இவ்வாறான வினாக்களுக்குச் சோதனைகளின் வாயிலாக விடை காண முயன்றனர். கல்கத்தாப் பல்கலைக்கழகமும் 1916ஆம் ஆண்டில் உளநூலுக்கெனத் தனித்துறை கண்டது. அமெரிக்காவில் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் பயின்று திரும்பிய நரேந்திரநாத சென்குப்தா அதனை வழிநடத்தினார்.

தொழிலில் நிலைபெற்ற மருத்துவராகிய கிரீந்திரர், தம்மினும் இளையரான மாணவர்களோடு அத்துறையிற் சேர்ந்து பாடம் கேட்டார். மீண்டும் மாணவராவதற்கு அவர் நாணவில்லை. 1917ஆம் ஆண்டில் முதுநிலைப் பட்டம் பெற்று, அத்துறையிலேயே ஆசிரியராகவும் அமர்ந்தார். 1921ஆம் ஆண்டில் உள்ளத்து விருப்பங்கள் அமுக்கப்படுதலைப் பற்றி அவர் எழுதிய ஆராய்ச்சிக்கு அறிவியல் டாக்டர் பட்டம் வழங்கப்பெற்றது. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் உளநூலுக்காக அளிக்கப்பெற்ற முதல் டாக்டர் பட்டம் அதுவே.

அவ்வாராய்ச்சியின் கருத்து யாது? நாம் அறிந்து நினைக்கும் மனம் நனவு மனம் எனப்படும். நாம் அறியாமலே நம்மை இயக்கும் மனம் நனவிலி மனம் எனப்படும். வெளியே சொல்லக் கூசும் விருப்பங்கள் நனவு மனத்தினின்று கீழே அமுக்கப்படுகின்றன. அமுக்கப்பட்டவை அழிந்துபோவதில்லை. அவை கனவாகவும், வாய்தவறி வரும் சொல்லாகவும், காரணமற்ற அச்சமாகவும் வேற்றுருக் கொண்டு வெளிப்படுகின்றன. வியன்னா நகரத்து மருத்துவர் சிக்மண்ட் பிராய்ட் இக்கொள்கையை உலகிற்கு உணர்த்தினார். நோயாளி தன் உள்ளத்தில் தோன்றுவதையெல்லாம் ஒளிவுமறைவின்றிச் சொல்ல, மருத்துவர் பொறுமையுடன் கேட்டு மறைந்த காரணத்தைக் காண்பதே அவர் வகுத்த உளப்பகுப்பு முறையாகும்.

கிரீந்திரர் பிராய்டிடம் நேரிற் பயின்றவர் அல்லர். அவரை ஒருபோதும் நேரிற் கண்டதுமில்லை. கிடைத்த நூல்களைக் கொண்டும், தம்மிடம் வந்த நோயாளிகளைக் கூர்ந்து நோக்கியும் தாமே கற்றுத் தெளிந்தார். அவ்வாறு கற்றபோது அவருக்கெனத் தனிக் கருத்தொன்று உருவாயிற்று. உள்ளத்தில் எழும் ஒவ்வொரு விருப்பத்துடனும் அதற்கு நேர்மாறான விருப்பமொன்று உடன்பிறக்கிறது என்பதே அது. ஒரு சிறுவன் தன் தம்பியை அடிக்க விரும்புகிறான் என்று கொள்வோம். அடிபடுபவனாகத் தானே இருக்கும் விருப்பமும் அவனறியாமல் அவனுள் உறைகிறது என்பது கிரீந்திரர் கொள்கை. இவ்விரண்டனுள் ஒன்று மேலெழும்போது மற்றொன்று கீழே அமிழ்கிறது. ஆதலின் அவர், நோயாளியை அடிப்பவன் நிலையிலும் அடிபடுபவன் நிலையிலும் மாறிமாறித் தன்னை வைத்துப் பார்க்கச் செய்தார். தராசுத் தட்டுகள் ஏறி இறங்குவதுபோல் இரு விருப்பங்களும் மாறிமாறித் தோன்றி, மறைந்திருந்தது நனவுக்கு வரும் என்பது அவர் கண்ட வழியாகும்.

இதனைப் பழவேற்காட்டு ஏரியைக் கொண்டு விளக்கலாம். ஆரணியாறு முதலிய ஆறுகள் மழைக்காலத்தில் அவ்வேரிக்கு நன்னீர் கொணர்கின்றன. கடலோ முகத்துவாரத்தின் வழியே உவர்நீரைச் செலுத்துகிறது. இரு வேறு நீரும் கலந்தியங்குவதே ஏரியின் உயிர். முகத்துவாரம் மணலால் தூர்ந்துவிட்டால் நீரோட்டம் தடைப்படும்; மீன்வளம் குன்றும்; மீனவர் துயருறுவர். மணலை அகற்றி வழி திறந்தால் ஏரி மீண்டும் வளம்பெறும். உள்ளத்தில் எதிரெதிர் விருப்பங்கள் இருப்பது நோயன்று. அவற்றுள் ஒன்றன் வழி அடைபடுவதே நோய்க்குக் காரணம் எனக் கிரீந்திரர் கருதினார்.

தம் நூலை அவர் பிராய்டுக்கு அனுப்பினார். தொலைவிலுள்ள நாடொன்றில் தம் கொள்கை இத்துணை ஆழமாக ஆராயப்பெற்றதைக் கண்டு பிராய்ட் வியந்து மகிழ்ந்தார். இருவரிடையே பல ஆண்டுகள் கடிதப் போக்குவரத்து நடந்தது. பிராய்டின் முகம் எவ்வாறிருக்கும் எனக் கற்பனை செய்து வங்க ஓவியர் ஒருவர் வரைந்த படத்தைக் கிரீந்திரர் அனுப்பிவைத்தார். அப்படம் தம்மைவிட அழகாயிருப்பதாகப் பிராய்ட் நகைச்சுவையுடன் விடையெழுதினார். 1931ஆம் ஆண்டில் பிராய்டின் எழுபத்தைந்தாம் பிறந்தநாளுக்குத் தந்தத்தாலான திருமால் உருவம் ஒன்று கல்கத்தாவிலிருந்து பரிசாகச் சென்றது. அதனை அவர் தம் எழுதுமேசையின்மீது வைத்துப் போற்றினார். இன்றும் அஃது இலண்டனிலுள்ள பிராய்ட் காட்சியகத்தில் உள்ளது.

எதிர்விருப்பக் கொள்கையைப் பிராய்ட் முழுதும் ஏற்கவில்லை. உலகப் புகழ்பெற்றவர் மறுத்தார் என்பதற்காகக் கிரீந்திரர் தம் கருத்தைக் கைவிடவும் இல்லை; கருத்து மாறுபட்டது என்பதற்காக நட்பைத் துறக்கவும் இல்லை. அந்நியர் ஆட்சியில் இருந்த நாட்டினராயினும், அறிவுலகில் தாம் எவர்க்கும் அடிமையல்லர் என்பதனை அவர் பணிவோடு நிலைநாட்டினார்.

அவர் தம் ஆராய்ச்சியை ஏட்டளவில் நிறுத்தவில்லை. 1922ஆம் ஆண்டில் கல்கத்தாவின் பார்சிபகான் சந்திலிருந்த தம் இல்லத்தில் இந்திய உளப்பகுப்புச் சங்கத்தைத் தோற்றுவித்தார். இறுதிவரை அதன் தலைவராக விளங்கினார். 1933ஆம் ஆண்டில், கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த பொது மருத்துவமனையில் மனநோய்க்கெனப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். பல்வலிக்கும் வயிற்றுவலிக்கும் செல்லும் வாயில் வழியாகவே மனம் நொந்தவரும் சென்று மருத்துவம் பெறலாயினர். மதிலுக்குள் அடைக்கப்படுதற்கு மாறாக, பகலில் வந்து மருத்துவரைக் கண்டு மாலையில் வீடு திரும்ப அவர்களுக்கு வழி பிறந்தது.

1940ஆம் ஆண்டில் உளப்பகுப்புச் சங்கத்தின் சார்பில் லும்பினிப் பூங்கா மனநோய் மருத்துவமனை தொடங்கப்பெற்றது. அதற்கு வேண்டிய இடத்தை உவந்தளித்தவர் தமையனார் இராஜசேகரரே. துன்பத்தின் காரணத்தைத் தேடிய புத்தர் பிறந்த இடத்தின் பெயரை அம்மனை தாங்கியது பொருத்தமே. 1947ஆம் ஆண்டில் சங்கத்தின் ஆய்விதழும் வெளிவரத் தொடங்கிற்று. இத்துணைப் பணிகளுக்கிடையேயும், பொதுமக்கள் உணருமாறு கனவைப் பற்றி வங்காள மொழியில் நூல் எழுதினார். குழந்தைகளுக்காகச் செவ்வெறும்புகளும் கட்டெறும்புகளும் பொருதும் கதையொன்றையும் இயற்றினார். 1953ஆம் ஆண்டு சூன் திங்கள் 3ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார்.

பிராய்டும் கிரீந்திரரும் கூறிய முடிபுகளுள் பலவற்றை இன்றைய உளநூலார் ஏற்பதில்லை. அறிவியலின் இயல்பு அதுவே; ஒரு காலத்தார் கண்டதை மறு காலத்தார் ஆய்ந்து திருத்துவர். ஆயினும் மனநோய்க்குக் காரணம் உண்டு, அதற்கு மருத்துவம் உண்டு, நோயுற்றவர் சொல்வதற்குச் செவிசாய்க்க வேண்டும் என்னும் உண்மைகள் நிலைத்து நிற்கின்றன.

அவற்றை மறந்ததனால் நேர்ந்த கேட்டினைத் தமிழகமும் கண்டது. 2001ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளிகள் தங்கியிருந்த கொட்டகையில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தமையால் ஓடித் தப்ப இயலாது 28 பேர் உயிரிழந்தனர். 2017ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற மனநலப் பாதுகாப்புச் சட்டம், நோயாளிகளைச் சங்கிலியால் பிணிப்பதைத் தடைசெய்து, மனநல மருத்துவம் பெறுவதை மக்களின் உரிமையாக்கியது.

சட்டம் சங்கிலியை அறுக்கலாம். ஏளனத்தை அறுக்க வேண்டியவர் மக்களே. உடன்பயிலும் ஒருவன் வாடியிருந்தால், அவனை நகையாடாது அருகமர்ந்து கேட்பது எவர்க்கும் இயலும். அவ்வாறு கேட்பதையே ஒரு கலையாகவும் அறிவியலாகவும் வளர்த்த கிரீந்திரசேகர போசின் வாழ்க்கை, நாம் என்றும் நினைவிற் கொள்ளத்தக்கது.